பாத்ததா, கேட்டதா, நெனச்சதா

கொடைக்கானல் நாயுடுபுரத்தில் எங்கள் பக்கத்து வீட்டில் ஓர் அம்மா இருந்தார். அவர் எதையும் நம்பியதில்லை. வெயிலை நம்பமாட்டார், வானம் துடைத்துவிட்டது போல் இருக்கும் நாளிலும் குடையோடுதான் படியிறங்குவார். பஸ்ஸின் பெயர்ப்பலகையை நம்பமாட்டார். டிரைவரிடம் ஒரு தடவை, கண்டக்டரிடம் ஒரு தடவை, ஏறியபின் பக்கத்து சீட்டில் இருப்பவரிடம் ஒரு தடவை கேட்டு, மூன்று பேரும் ஒரே ஊரைச் சொன்னால்தான் உட்காருவார். வில்பட்டியிலிருந்து கூடையில் கேரட் கொண்டுவரும் பெண், "காலையில புடுங்குனது பெரியம்மா" என்று சத்தியம் செய்தாலும், ஒன்றை எடுத்துக் காதோரம் வைத்து ஒடிப்பார். அது ஒடிகிற சத்தம் சரியாக இருந்தால்தான் பையைத் திறப்பார்.

நானும் அவரைப் பெரியம்மா என்றுதான் கூப்பிட்டேன். முப்பது வருஷம் ஒரு பெரிய ஹோட்டலில் சலவைத் துணிக்குப் பொறுப்பாக இருந்து ஓய்வு பெற்றவர். ஒவ்வொரு படுக்கை விரிப்பையும் ஜன்னல் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்த பிறகுதான் மடிக்க விடுவாராம். அங்கே நடந்த ஒரு கதையை அவரோடு வேலை பார்த்தவர்கள் சொல்லுவார்கள். தங்க வந்த ஓர் அம்மாவின் வளையலைக் காணோம். அறையைக் கூட்டிய பெண்தான் எடுத்திருப்பாள் என்று பேச்சு. அவள் காலில் விழுந்து அழுகிறாள். பெரியம்மா அவளிடம், "நீ அழுகுறதுனால எடுக்கலன்னு ஆயிருமா?" என்றாராம். வளையல்காரம்மாவிடம் திரும்பி, "நீங்க சொல்றதுனால களவு போனதா ஆயிருமா?" என்றாராம். பிறகு அன்றைக்குச் சலவைக்கு வந்த துணி மொத்தத்தையும் தனியாளாக உதற ஆரம்பித்தார். மத்தியானம் மூன்று மணிக்கு ஒரு தலையணை உறைக்குள்ளிருந்து வளையல் விழுந்தது. அந்தப் பெண் நன்றி சொல்ல வந்தபோது, "என்னைய எதுக்குக் கும்புடுற? தலகாணி உறையக் கும்புடு" என்று அனுப்பிவிட்டார்.

இந்தக் கதையைக் கேட்டுச் சிரித்திருக்கிறேனே தவிர, அவர் என்னையும் ஒருநாள் அப்படி வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்ப்பார் என்று நினைக்கவில்லை.

அப்போது நான் டூரிஸ்ட் கார் ஓட்டிக்கொண்டிருந்தேன். மலர், என் மனைவி, ஏழு ரோடு பக்கம் ஒரு சாக்லேட் கடையில் வேலை பார்த்தாள். எங்களுக்கு ஒரே மகள், தர்ஷினி. அந்த வருஷம் பங்குனியில் மலர் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு ஒட்டன்சத்திரத்தில் இருக்கும் தன் அப்பா வீட்டுக்குப் போனவள் திரும்பி வரவில்லை. ஆடி மாதம் கோர்ட்டிலிருந்து ஆள் வந்தார். விவாகரத்துக் கேட்டும், பிள்ளை தன்னிடமே இருக்க வேண்டும் என்றும் மலர் மனு போட்டிருந்தாள்.

நான் கையெழுத்துப் போட்டு வாங்க மறுத்தேன். வாங்காமல் விட்டால் கேஸே நிற்காது என்று கார் ஸ்டாண்டில் எவனோ சொல்லியிருந்தான். படியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த பெரியம்மா திரும்பாமலே பேசினார்.

"வாங்கு தம்பி. நீ வாங்கலன்னா கதவுல ஒட்டிட்டுப் போயிருவாக. ஊரே நின்னு படிக்கும். அப்பறம் நீ வராமலே தீர்ப்பு எழுதிருவாக."

வாங்கினேன். அந்த மனிதர் போனதும் பெரியம்மா ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு வந்து, "படி" என்றார்.

"வக்கீல்ட்ட குடுத்துப் படிச்சுக்கிறேன் பெரியம்மா."

"வக்கீல் அவருக்கு வேணுங்கிறதப் படிப்பாரு. நீ முழுசாப் படி."

காகிதம் என்றால் அவருக்கு எப்போதும் ஒரு பயம் உண்டு. சிலோன் தோட்டத்திலிருந்து சின்னப் பிள்ளையாகக் கப்பலேறி வந்தவர். வந்த புதிதில் அவருடைய அப்பா, என்ன காகிதம் என்று கேட்காமல் ஓர் ஒப்பந்தக்காரரிடம் கைநாட்டு வைத்துவிட்டார். மரப்பட்டை உரிக்கும் காட்டுக்குள் குடும்பத்தோடு போனவர்களால் ஆறு வருஷம் வெளியே வரமுடியவில்லை. அஞ்சாம் வகுப்போடு நின்ற படிப்பை வைத்துக்கொண்டு, எழுத்துக்குக் கீழே விரலை ஓட்டி, மளிகைக் கடை துண்டுச்சீட்டைக்கூட இரண்டு முறை படிப்பார். இந்தக் கதையை ஒரே ஒருதரம்தான் சொன்னார். அதுவும் எனக்குச் சொன்னதில்லை, மலருக்குச் சொன்னது.

மனுவை வாசித்தேன். அதில் என்னைப் பற்றி எழுதியிருந்தது ஒரே விஷயம்தான்: சந்தேகம். அவள் போனை நான் பிடுங்கிப் பார்த்தது, கடைக்கு எதிரே காரைப் போட்டுக் காத்திருந்தது, யாரோடு பேசினாய் என்று தினமும் கேட்டது. படித்து முடித்ததும் எனக்கு ஆத்திரம்தான் வந்தது.

"பூரா ஒரு பக்கமா எழுதிருக்கா. எங்கிட்ட ஆதாரம் இருக்கு பெரியம்மா. வக்கீல் எல்லாத்தையும் எழுதிக் கொண்டாரச் சொன்னாரு. எழுதப்போறேன்."

"எழுது. எழுதிட்டு எங்கிட்டக் காட்டு" என்றார். பிறகு, உதவி செய்கிறவர் முகம் மாதிரி இல்லாமல், "நீ சொல்றத நான் நம்பிட்டேன்னு நெனச்சுக்காத" என்றும் சொல்லிவிட்டுப் போனார்.

ஒரு நாற்பது பக்க நோட்டு நிறைய எழுதினேன். எந்தெந்த நாள், எத்தனை மணிக்கு மலர் கடையிலிருந்து வெளியே வந்தாள், டீக்கடையில் எத்தனை நிமிஷம் நின்றாள், எந்தச் சேலை கட்டியிருந்தாள், எல்லாம் எனக்கு மனப்பாடமாக இருந்தது. சவாரி இல்லாத நேரமெல்லாம் கடைக்கு எதிரேதானே கிடந்தேன். முக்கியமான ஆதாரமாக நான் நினைத்தது ஒரு போன் நம்பர். அவள் போனில் 'ஆர்' என்ற ஒற்றை இங்கிலீஷ் எழுத்தில் அது பதிவாகியிருந்தது. வாரத்தில் மூன்று நாள், மத்தியானம் ஒரு மணி வாக்கில் அந்த நம்பருக்குப் பேசியிருந்தாள். யார் என்று கேட்டால், "யாருமில்ல" என்றாள். அதற்குப்பின் அந்த நம்பர் அவள் போனில் வருவது நின்றுபோனது. அதுவே எனக்குப் பெரிய சாட்சியாகப் பட்டது. ஒன்றுமில்லாவிட்டால் ஏன் நிற்க வேண்டும்?

பெரியம்மா வீட்டு அடுப்படியில் ஒரு மர ஸ்டூல் உண்டு. அதில் என்னை உட்காரவைத்து, நோட்டை வரி வரியாக வாசிக்கச் சொன்னார். கையில் பென்சில். "தேத்தண்ணி குடிச்சிட்டு வாசி" என்று கறுப்பு டீ கொடுத்தார். தேநீருக்கு அவர் சொல்லும் வார்த்தை கடைசிவரை மாறவில்லை.

முதல் வரியிலேயே நிறுத்தினார். "இது பாத்ததா, கேட்டதா, நெனச்சதா?"

"எது?"

"'கடையில் ஓர் ஆணுடன் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தாள்'னு எழுதிருக்கியே, அது."

"பாத்தது. எங்கண்ணால பாத்தேன்."

"யாரு அந்த ஆளு?"

"சாக்லேட் வாங்க வந்த ஆளு."

"கடைக்கு வந்தவன்ட்ட அழுதுகிட்டா பேசுவாக?" என்றார். ஆனால் வரிக்குப் பக்கத்தில் 'பா' என்று எழுதினார். பார்த்தது பார்த்ததுதானே. அடுத்த வரிக்கு 'கே'. அதற்கடுத்த வரியிலிருந்து பக்கம் பக்கமாக 'நெ', 'நெ', 'நெ' என்று விழுந்துகொண்டே போனது. சில இடங்களில் நான் வாதாடினேன். அவர் கோபப்படவில்லை. "நெனச்சது தப்புன்னு நான் சொல்லலயே தம்பி. நெனச்சத நெனச்சதுன்னு சொல்லு. ஜட்ஜம்மா கேட்டா அதத்தான சொல்லணும்?" என்றார்.

'ஆர்' நம்பர் வந்ததும் பென்சில் நின்றது.

"இந்த நம்பருக்கு நீ போட்டுப் பாத்தியா?"

"இல்ல."

"ரெண்டு வருசமா வச்சிருக்க. ஒரு தடவகூடப் போட்டுப் பாக்கலயா?"

அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த வரிக்குப் பக்கத்தில் எதையும் எழுதவில்லை. நோட்டை இரண்டு நாள் வைத்திருந்து தருவதாகச் சொல்லி வாங்கி வைத்துக்கொண்டார்.

மறுநாள் என்னை ஜட்ஜ் முன் நிற்பது போல நிற்கவைத்தார். அவர் ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டார். பிள்ளை யாரிடம் இருக்க வேண்டும் என்று முதல் நாளே கேட்டாலும் கேட்பார்கள், பதில் தடுமாறக் கூடாது என்றார். நான் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். சிரிப்பு வந்தது. அவர் சிரிக்கவில்லை.

"ஒம் மக எந்த வகுப்பு?"

"ரெண்டாவதுங்க."

"போன வருசம் டீச்சர் பேரு?"

தெரியவில்லை.

"கூடப் படிக்கிற பிள்ளைக யாராச்சும் பேரு?"

யோசித்தேன். ஒரு பெயரும் வரவில்லை.

"காய்ச்சல் வந்தா எந்த மருந்து அதுக்குச் சேராது?"

சேராத மருந்து ஒன்று இருக்கிறது என்பதே எனக்குத் தெரியாது. அவருக்குத் தெரிந்திருந்தது. மருந்துப் பெயரைச் சொன்னார். சாப்பிட்டால் உடம்பெல்லாம் தடித்துவிடும் என்றார். அப்புறம் சாதாரணமாகக் கேட்பது போல, "போன தை மாசம் பத்தாந்தேதி மலர் எத்தன மணிக்குக் கடைய விட்டு வந்தா?" என்றார்.

"அஞ்சு இருபது" என்றேன். வாயிலிருந்து தானாக வந்தது.

அவர் எழுந்து அடுப்பை நிறுத்தினார். "சரி, இன்னைக்குப் போதும்" என்றார்.

எனக்கு அன்றைக்கு வெட்கத்தைவிடக் கோபம்தான் அதிகம். இவர் எந்தப் பக்கம்? எனக்குச் சொல்லிக்கொடுக்கிறாரா, அல்லது என்னிடமிருந்து கறந்து வேறு யாருக்கோ கொடுக்கிறாரா? மலரோடு அவருக்கு எப்போதும் ஒட்டுதல் உண்டு. சுவருக்கு இந்தப் பக்கம் நாங்கள் சண்டை போட்டதெல்லாம் அவருக்குக் கேட்டிருக்கும். ஒருதரம் அவரே சொல்லியிருக்கிறார்: "ஒஞ் சத்தம்தான் கேக்கும். அவ சத்தம் கேட்டதே இல்ல."

அந்த வாரம் வியாழக்கிழமை அவர் வீடு பூட்டியிருந்தது. கண் டாக்டரைப் பார்க்க வத்தலக்குண்டு போவதாக முந்தின நாள் சொல்லியிருந்தார். மத்தியானம் ரபீக் போன் செய்தான். என்னோடு கார் ஓட்டுகிறவன், எங்கள் கல்யாணத்துக்கு வந்தவன்.

"மாப்ள, ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்கு ஒரு சவாரி வந்தேன். ஒம் பக்கத்து வீட்டம்மா இங்க நிக்கிது. ஒம் மாமனாருட்ட பேசிக்கிட்டு இருக்கு."

"நல்லாப் பாத்தியா?"

"அந்தக் குடையத் தெரியாதா எனக்கு?"

என் மாமனார் ஒட்டன்சத்திரம் காய்கறி மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிறவர். அவருக்கும் எனக்கும் பேச்சு நின்று இரண்டு வருஷமாகியிருந்தது. பழனியில் தர்ஷினிக்குக் காது குத்திய அன்று, எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, மலர் யாரிடமோ பேசப் போனதை நான் எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் அதைக் கவனித்துவிட்டு, "மாப்ள, பிள்ளையக் கட்டிக் குடுத்தது குடும்பம் நடத்த. காவல் காக்க இல்ல" என்றார். பந்தியில் நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். அன்றைக்கே மலரிடம் சொல்லிவிட்டேன்: இனி உங்கப்பனோடு ஒரு வார்த்தை பேசினாலும் அங்கேயே போய்விட வேண்டியதுதான் என்று.

அந்த மனிதரோடுதான் பெரியம்மா நின்று பேசுகிறார். என் நோட்டு அவர் பையில் இருக்கிறது. காரை ஓரமாக நிறுத்திவிட்டு அப்படியே உட்கார்ந்திருந்தேன். கோர்ட்டுக்கு இன்னும் ஆறு நாள். நான் எழுதினது அத்தனையும் இந்நேரம் மலர் கைக்குப் போயிருக்கும், அவள் வக்கீல் அதற்கெல்லாம் பதில் தயார் செய்துவிடுவார் என்று மனம் அடுத்தடுத்து அடுக்கிக்கொண்டே போனது.

சாயங்காலம் பழனி பஸ் வரும்வரை ஸ்டாண்டிலேயே நின்றேன். இறங்கினார். ஒரு கையில் குடை, இன்னொரு கையில் பை. பையிலிருந்து முருங்கைக்காய் நீட்டிக்கொண்டிருந்தது.

"கண்ணு டாக்டர் முருங்கைக்காய் குடுத்தாரா பெரியம்மா?" என்றேன்.

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். மறைக்கிற முகமாக இல்லை. "யாரு சொன்னா? ரபீக்கா? அவன் காரப் பாத்தேன்" என்றார். "நாளைக்கு ஒரு மணிக்கு வீட்டுக்கு வா. சவாரி வச்சுக்காத."

"எந் நோட்டக் குடுங்க."

அங்கேயே, பஸ் ஸ்டாண்டிலேயே, பையிலிருந்து எடுத்துக் கொடுத்தார். "எண்ணிப் பாத்துக்க, நாப்பது பக்கம் இருக்கான்னு" என்றார். நான் எண்ணிப் பார்த்தேன். அதை இப்போது எழுதும்போதும் கூசுகிறது.

மறுநாள் போகக்கூடாது என்றுதான் இருந்தேன். ஒரு மணிக்குக் கால் தானாக அங்கே போனது. அதே ஸ்டூல். அவர் நின்றுகொண்டிருந்தார்.

"ஒம் போன எடு. அந்த நம்பரப் போடு."

"நீங்க விசாரிச்சிட்டு வந்துட்டீங்கள்ல? சொல்லுங்க."

"நான் சொன்னா நீ நம்புவியா? ஒன் எடத்துல நான் இருந்தாலும் நம்பமாட்டேன். போடு. சத்தமா வையி."

போட்டேன். போனை அடுப்பு மேடையில் வைத்தேன். நாலாவது மணிக்கு எடுத்தார்கள். பின்னால் ஒரே இரைச்சல். லாரி ஹாரன், ஏலம் போடுகிற சத்தம்.

"அலோ, மண்டி" என்றது ஓர் ஆண் குரல். வயதான குரல்.

நான் போனுக்குக் கிட்டே குனிந்தேன்.

"அலோ... யாரு, மலரா?" என்றது அந்தக் குரல். "இன்னைக்கு யாரு போன்லருந்து பேசுற? இரும்மா, அப்பா தக்காளி எறக்கிக்கிட்டு இருக்காரு. வந்துருவாரு, வச்சிறாத." பிறகு தள்ளிப்போய்க் கூப்பிடுவது கேட்டது. "யோவ், மக பேசுது, வாய்யா!"

பெரியம்மா என்னைப் பார்க்காமல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். கொஞ்ச நேரம் இரைச்சல் மட்டும். பிறகு மூச்சு வாங்கிக்கொண்டு ஒரு குரல். எனக்குத் தெரிந்த குரல்.

"மலரு... என்னம்மா? பாப்பாவுக்குக் காய்ச்சல் விட்டுருச்சா? அலோ... சத்தங் கேக்கலயே. அழுகுறியா? நான் வெரசா வந்துர்றேன், இன்னும் ஒரே லோடுதான்."

நான் நிறுத்தினேன். பேசித்தான் இருக்க வேண்டும். என்னால் முடியவில்லை.

மாமனாருக்குப் போன் கிடையாது. மண்டியில் கணக்கு எழுதும் பெரியவரின் போனில்தான் பேசியிருக்கிறாள். அவர் பெயர் ராசு. அந்த 'ஆர்' அவர்தான். மீதி பின்னாளில் மலர் சொல்லித் தெரிந்தது. நான் நம்பரைக் கண்டுபிடித்தபின் தன் போனை விட்டுவிட்டு, கடைக்காரர் போன், கூட வேலை பார்ப்பவள் போன், டீக்கடைப் போன் என்று கேட்டு வாங்கிப் பேசியிருக்கிறாள். சொந்த அப்பனோடு பேச, அடுத்தவர்கள் முன்னால் போய் நின்று கேட்டிருக்கிறாள்.

"நானும் செவ்வாக்கெழம போட்டுப் பாத்தேன்" என்றார் பெரியம்மா. "என்னையும் மலருன்னுதான் நெனச்சாக. ஒரு தடவ போன்ல கேட்டத வச்சு எப்புடி நம்புறது? வேற ஏற்பாடா இருந்தா? அதான் நேர்ல போனேன். அந்த மண்டிக்கு எதுக்க ரெண்டு மணி நேரம் நின்னேன். கணக்கெழுதுறவருக்கு எழுவது வயசிருக்கும். ஒம் மாமனாருக்கு இப்ப பெரிய மூட்ட தூக்க ஏலல, கை நடுங்குது. முருங்கைக்காய் எங்க கெடைக்கும்னு அவருகிட்டத்தான் கேட்டேன். கூடவே வந்து வாங்கிக் குடுத்தாரு. நான் யாருன்னு அவருக்குத் தெரியாது."

"எங்கிட்ட ஏன் வத்தலக்குண்டுன்னு சொன்னீக?"

"சொல்லிருந்தா நீ எனக்கு முன்னாடி அங்க போயி நின்னுருப்ப."

உண்மைதான். போயிருப்பேன்.

நான் அழுதேன் என்று சொன்னால் நன்றாக இருக்கும். அழவில்லை. அப்போதும் மனதின் ஒரு மூலையில், அந்தக் கணக்கப்பிள்ளைக்கு மகன் யாராவது இருப்பானோ என்று ஒரு நினைப்பு ஓடியது. அந்த நினைப்பு ஓடியது எனக்குத் தெரிந்தது. அன்றைக்குத்தான் முதன்முதலாக என்னைக் கண்டு எனக்குப் பயம் வந்தது.

கோர்ட் நாளன்று முதல் பஸ்ஸில் கிளம்பினோம். பெரியம்மாவும் வந்தார். வெள்ளனே எழுந்து என் சட்டையை அவரே பார்த்துத் தேர்ந்தெடுத்தார். பளபளப்பான புதுச் சட்டை வேண்டாம், வெளுத்த நீலமே போதும் என்றார். ஆதார், கல்யாணப் பத்திரிகை, போட்டோ, பிள்ளையின் பிறப்புச் சான்றிதழ் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு, வத்தலக்குண்டில் ஒருதரமும் திண்டுக்கல்லில் இறங்கியதும் ஒருதரமும் எடுத்துச் சரிபார்த்தார்.

வக்கீல் நோட்டைக் கேட்டார். நான் அதைக் கொண்டுபோகவில்லை. 'பா' என்று பென்சிலில் எழுதியிருந்த வரிகளை மட்டும் ஒரு தாளில் எழுதி வைத்திருந்தேன். ஒரு பக்கம்கூட வரவில்லை. வக்கீல் படித்துப் பார்த்துவிட்டு, "என்னங்க இது? இத வச்சு என்னத்த வாதாடுறது?" என்றார்.

"வாதாட வேண்டாங்க" என்றேன்.

எங்கள் பெயரைக் கூப்பிட்டபோது மலர் எதிர்ப்பக்கம் வந்து நின்றாள். மெலிந்திருந்தாள். அவளுடைய அப்பா பின்னால் சுவரோரம், துண்டை அக்குளில் இடுக்கிக்கொண்டு நின்றார். இரண்டு நிமிஷம்தான். பேசிப் பாருங்கள் என்று ஆலோசகரிடம் அனுப்பிவிட்டார்கள். ஆலோசகர் ஓர் அம்மா. நீங்கள் முதலில் சொல்லுங்கள் என்று என்னைப் பார்த்தார்.

"இவ எழுதுனது அம்புட்டும் நெசந்தாங்க" என்றேன். "அந்த நம்பர் அவ அப்பாவுக்குப் பேசுன நம்பருன்னு இப்பத்தான் தெரிஞ்சுக்கிட்டேன். எம்மேலதான் தப்பு."

மலர் என்னைப் பார்க்கவே இல்லை. ஆலோசகரைப் பார்த்துத்தான் பேசினாள். "இப்புடிச் சொன்னா கேஸு நிக்காதுன்னு வக்கீல் சொல்லிக் குடுத்துருப்பாரு மேடம். இவரு இப்புடிப் பேசுறவரே இல்ல."

நான் என்ன சொன்னாலும் அது இன்னொரு தந்திரமாகவே அவளுக்குத் தெரிந்தது. எட்டு வருஷம் நான் அவளைப் பார்த்த பார்வையை அவள் என்மேல் திருப்பியிருந்தாள். ஞாயிற்றுக்கிழமைகளில் போய்ப் பிள்ளையைப் பார்க்கலாம் என்று மட்டும் முடிவானது. வெளியே வந்ததும் பெரியம்மாவிடம், "அவ நம்பல பெரியம்மா" என்றேன்.

"எதுக்கு நம்பணும்?" என்றார். "நானே இன்னும் நம்பல."

ஞாயிறு தவறாமல் போனேன். மாமனார் முதல் மூன்று வாரம் அசையாமல் வாசலை அடைத்து உட்கார்ந்திருந்தார். நாலாவது வாரம் நகர்ந்து உட்கார்ந்தார். தர்ஷினியின் டீச்சர் பெயர், சிநேகிதிகள் பெயர், சேராத மருந்து எல்லாம் தெரிந்துகொண்டேன். கேஸ் வாய்தா வாய்தாவாகப் போய்க்கொண்டிருந்தது.

பள்ளிக்கூட லீவு விட்டதும் மலர் பெரியம்மாவுக்குப் போன் செய்து, நான் மாறிவிட்டேனா என்று கேட்டிருக்கிறாள். "எனக்கென்ன தெரியும்? சாட்சி சொல்ல நான் வரமாட்டேன். நீயே வந்து பாரு. அவன் வீட்டுல தங்காத, எங்கூடத் தங்கு" என்றிருக்கிறார். மலர் பிள்ளையோடு வந்து பெரியம்மா வீட்டில் பத்து நாள் தங்கினாள். நான் பக்கத்து வீட்டில். வாசல்படி ஒன்றுதான். காலையில் எதிர்ப்பட்டால், "டீ குடிச்சீங்களா?" என்பாள். "குடிச்சேன்" என்பேன். அவ்வளவுதான்.

ஏழாவது நாள் மலர் படிக்குக் கீழே குழாயடியில் துணி துவைத்துக்கொண்டிருந்தாள். அவள் போன் பெரியம்மா வீட்டு வாசலில் இருந்து அடித்தது. உள்ளேயிருந்து பெரியம்மா, "தம்பி, போன் அடிக்குது. எனக்கு முழங்கால் வலி. கொண்டுபோய்க் குடு" என்றார். எடுத்தேன். இருபது படி. பார்க்கக்கூடாது என்று பதினைந்து படிவரை வானத்தைப் பார்த்தபடி இறங்கினேன். பதினாறாவது படியில் பார்த்துவிட்டேன். கூப்பிட்டது பெரியம்மாவே, வீட்டுக்குள்ளிருந்து.

மலர் ஈரக் கையோடு நிமிர்ந்தாள். "யாருன்னு பாத்தீங்களா?" என்றாள்.

இல்லை என்ற சொல் நாக்கு நுனியில் இருந்தது. "பாத்தேன்" என்றேன்.

அவள் என் தோளுக்கு மேலே எதையோ பார்த்தாள். "தெரியும். அவங்க ஜன்னல்ல நின்னு பாத்துக்கிட்டு இருக்காங்க" என்றாள். போனை வாங்கி நிறுத்திவிட்டுத் துணியின் ஒரு நுனியை என்னிடம் நீட்டினாள். நான் பிடித்துக்கொண்டேன். இருவருமாக முறுக்கிப் பிழிந்தோம்.

பள்ளிக்கூடம் திறக்கும்போது மலர் எங்கள் வீட்டுக்கு வந்தாள். மனுவை வாபஸ் வாங்குவதற்கு இன்னும் ஐந்து மாதம் எடுத்துக்கொண்டாள். பெரியம்மா அதற்கெல்லாம் சந்தோஷப்பட்டதாகக் காட்டிக்கொள்ளவில்லை. வாரம் ஒருமுறை என்னைத் தனியாகவும் மலரைத் தனியாகவும் அதே கேள்விகளைக் கேட்டு, பதில் ஒத்துவருகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

முழங்கால் முற்றி நடக்க முடியாமல் போனதும், கோத்தகிரியில் இருந்த அக்கா மகள் வந்து கூட்டிப்போனாள். கிளம்புகிற அன்று பெரியம்மா மலரைக் கூப்பிட்டு, வீட்டுச் சாவியைக் கையில் வைத்தார். "அரிசி டப்பா நெறையா இருக்கு. சிலிண்டர்ல காஸு இருக்கு. பாயி கட்டிலுக்கு அடியில. எப்ப வேணும்னாலும் தொறந்துக்க."

"நாங்க பாத்துக்கிறோம் பெரியம்மா. அப்பப்பக் கூட்டி வைக்கிறோம்" என்றேன் நான்.

"ஒனக்குக் குடுக்கல தம்பி" என்றார். குரலில் கடுமை இல்லை. "அவளுக்குப் போக ஒரு எடம் வேணும். அதுக்குக் குடுக்குறேன்."

அதுதான் அவர் என்னிடம் கடைசியாகச் சொன்னது. மூன்று வருஷம் கழித்துக் கோத்தகிரியிலேயே இறந்துபோனார். அந்த வீட்டை யாருக்கும் வாடகைக்கு விடக்கூடாது, சாவி மலரிடமே இருக்கட்டும் என்று அக்கா மகளிடம் சொல்லியிருந்தாராம். அவளும் அப்படியே விட்டுவைத்திருக்கிறாள்.

மாதம் ஒருமுறை மலர் அந்த வீட்டைத் திறக்கிறாள். கூட்டித் துடைக்கிறாள். அடுப்பை ஒருதரம் பற்றவைத்துப் பார்க்கிறாள். டப்பாவில் இருக்கும் பழைய அரிசியை எடுத்துவந்து எங்களுக்குச் சமைத்துவிட்டு, அங்கே புது அரிசி போட்டுப் பூட்டிவிட்டு வருகிறாள். நான் அதைச் சாப்பிடுகிறேன். ஏன் என்று இதுவரை கேட்டதில்லை.